கொசுவலைக்கு விலை வேண்டும் என்பார்க்கு

ஓசியில் கிடைக்கும் பொருளின் அருமை தெரியாது என்னும் பேச்சு நம் ஊர்த் திண்ணைகளில் மட்டும் வழங்குவதன்று. பொருளாதார சாஸ்திரிகளும், சர்வதேசத் தர்ம ஸ்தாபனங்களின் அதிகாரிகளும், சுகாதார இலாகாக்களின் தலைவர்களும் அதனையே ஒரு சித்தாந்தமாகச் சமைத்து, மலேரியாவுக்கு ஆண்டுதோறும் லட்சக்கணக்கான சிசுக்களைப் பறிகொடுக்கும் ஆப்பிரிக்கக் கிராமங்களுக்கு மருந்து ஊட்டிய கொசுவலையை எவ்வாறு சேர்ப்பது என்னும் கேள்விக்கு விடையாக நெடுங்காலம் கூறிவந்திருக்கின்றனர். வலையை இலவசமாகக் கொடுத்தல் ஆகாது, சிறிதளவேனும் விலை வைத்தே கொடுக்க வேண்டும் என்பது அவர்கள் கட்சி. உலக சுகாதார ஸ்தாபனம் 2007 ஆம் ஆண்டில் இலவச விநியோகத்தை வெளிப்படையாக ஆதரித்த பின்னரும் இக்கட்சி மடிந்துவிடவில்லை. நிதி சுருங்கும்போதெல்லாம் புதிய உற்சாகத்தோடு தலைதூக்குகிறது. இது பிழையான கட்சி என்பதையும், இப்பிழைக்கு ஈடாகப் போவன குழந்தைகளின் உயிர்கள் என்பதையும் நிலைநாட்டுவதே என் நோக்கம்.

எதிர்க்கட்சியின் நியாயத்தை அதன் முழுப் பலத்தோடும் எடுத்துரைத்த பின்னரே மறுக்கத் தொடங்குவது முறை. அமெரிக்கப் பொருளாதாரப் பேராசிரியரான வில்லியம் ஈஸ்டர்லி, 2006 இல் வெளியிட்ட 'தி ஒயிட் மேன்ஸ் பர்டன்' என்னும் நூலில், இலவச வலைகள் கள்ளச்சந்தைக்குப் போகின்றன, மீன்வலையாகின்றன, மணப்பெண்ணின் முக்காடாகின்றன என்று குறைகூறி, அதற்கு மாற்றாக மலாவி நாட்டில் நடந்த ஒரு திட்டத்தைக் காட்டினார். அங்கே கிராமத்துக் கர்ப்பிணிகள் வரும் சிகிச்சை நிலையத்தில் தாதி அரை டாலருக்கு வலை விற்பாள். அதில் 9 சென்ட் அவளுக்கே உரியது. ஆகவே கையிருப்பு தீராமல் அவள் பார்த்துக்கொள்வாள், வாங்குகிறவளும் வேண்டித்தான் வாங்குவாள் என்பது அவர் கருத்து. ஜாம்பியாவில் பிறந்த டாம்பிசா மோயோ 2009 இல் 'டெட் எய்ட்' நூலில் இவ்வாதத்தை வேறொரு பக்கத்திலிருந்து வலுப்படுத்தினார்: பத்துப் பேரை வைத்து வாரம் 500 வலை செய்கிறவன் ஒருவன் ஊரில் இருக்கிறான் என்று வைத்துக்கொள்வோம், வெளிநாட்டிலிருந்து ஒரு லட்சம் இலவச வலைகள் வந்து குவிந்தால் அவன் தொழில் நாசமாகும், ஐந்து ஆண்டுகளுக்குள் வந்த வலைகளும் கிழிந்துபோகும், பிறகு ஊருக்கு வலை ஏது? இவற்றோடு, டான்சானியாவின் இஃபகாராப் பகுதியில் மலிவு விலைக்கு வலை விற்ற திட்டமொன்று குழந்தைகள் உயிர் பிழைக்கும் வாய்ப்பை 27 விழுக்காடு உயர்த்தியதாக 2001 இல் வெளியான ஆராய்ச்சியையும் சேர்த்துக்கொண்டால் எதிர்க்கட்சியின் வழக்கு பூர்த்தியாகிறது. அது அற்பமான வழக்கன்று. ஆகவே ஒவ்வோர் அம்சமாக எடுத்துப் பரிசீலிப்போம்.

1. விலை யாரைத் தெரிந்தெடுக்கிறது? உண்மையில் தேவையுள்ளவரை விலை தானாகவே தெரிந்தெடுத்துவிடும், தேவையற்றவர் விலகிக்கொள்வர் என்பது விலைவாதிகளின் முதற் கூற்று. இது பரிசோதிக்கத்தக்க கூற்று, பரிசோதிக்கவும் பட்டது. ஜெசிகா கோஹன், பாஸ்கலின் டுபா என்னும் இரு பொருளாதார அறிஞர்கள், மேற்குக் கென்யாவில் கர்ப்பிணிகள் வரும் சிகிச்சை நிலையங்கள் சிலவற்றில் வலையை இலவசமாகவும், வேறு சிலவற்றில் வெவ்வேறு சிறு விலைகளுக்கும் கொடுக்கச் செய்து, எங்கே எந்த விலை என்பதைத் திருவுளச்சீட்டுப் போல நிர்ணயித்து, விளைவை 2010 இல் வெளியிட்டனர். விலை பூஜ்யத்திலிருந்து 40 ஷில்லிங்குக்கு, அதாவது ஏறத்தாழ 60 அமெரிக்க சென்ட்டுக்கு, உயர்ந்தபோது வலை பெற்றவர் தொகையில் நூற்றுக்கு 60 பேர் குறைந்துபோயினர். விலகியவர்கள் தேவையற்றவர்களா? விலை கொடுத்து வாங்கிய பெண்கள் இலவசமாகப் பெற்ற பெண்களைக் காட்டிலும் அதிக நோயாளிகளாக இருந்திருந்தால், விலை தேவையை அறிந்து பிரித்தது என்று கொள்ளலாம். ஆனால் மலேரியாவின் அறிகுறியாகிய இரத்தசோகை இரு சாராரிடத்தும் ஒரே அளவினதாகவே காணப்பட்டது.

இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. ஒரு குழந்தையை முதுகிலே கட்டிக்கொண்டு, இன்னொன்றை வயிற்றிலே சுமந்து, பல மைல் நடந்து வரும் அக்கிராமத்துப் பெண்ணின் நிலையைக் கொஞ்சம் சிந்தித்தல் வேண்டும். மேலே போர்த்திய லேசோத் துணியின் முனையில் அவள் முடிந்து வைத்திருக்கும் காசு, சிகிச்சைச் சீட்டுக்கும், இரவுக்கு வேண்டிய சோளமாவுக்கும், விளக்கெண்ணெய்க்கும் முன்னரே பங்கிடப்பட்டுவிட்ட காசு. மலேரியா கொடியது என்பதை அவளுக்கு எவரும் உபதேசிக்க வேண்டியதில்லை. காய்ச்சலில் குழந்தை வெட்டி இழுப்பதை அவ்வூர்த் தாய்மார் பார்த்தே இருக்கின்றனர். அடுத்த மாதம் வரக்கூடும் என்னும் காய்ச்சலுக்கும், இன்றிரவு நிச்சயமாக வரப்போகும் பசிக்கும் இடையே அவள் செய்யும் தேர்வைக் கண்டு, இவளுக்கு வலையில் அக்கறையில்லை என்று முடிவு கட்டுவது சாஸ்திரமும் ஆகாது, நியாயமும் ஆகாது.

2. காசு கொடுத்தவர்தாம் உபயோகிப்பார்களா? விலை கொடுத்த பொருளைப் பேணுவதும், கொடாத பொருளை எறிவதும் மனித சுபாவம் என்கின்றனர். விலை கொடுத்த பொருளைப் பெட்டியில் பூட்டிவைத்து விருந்தாளி வரும்போது மட்டும் எடுப்பதும் மனித சுபாவந்தான் என்பதை அவர்கள் மறந்துவிடுகின்றனர். சுபாவத்தைப் பற்றிய வாதப் பிரதிவாதங்களை விடுத்து மீண்டும் கென்யாவின் அனுபவத்தைப் பார்த்தால், ஆய்வாளர் வீடுகளுக்குச் சென்று வலை கட்டப்பட்டிருக்கிறதா என்று கண்ணால் பார்த்தபோது, விலை கொடுத்தவர் வீட்டுக்கும் கொடாதவர் வீட்டுக்கும் வித்தியாசம் தென்படவில்லை.

ஆப்பிரிக்கா முழுவதற்குமான கணக்கு இன்னும் தெளிவானது. சஹாராவுக்குத் தெற்கேயுள்ள நாடுகளில் 2022 ஆம் ஆண்டில், தம் வீட்டிலுள்ள வலையில் இடம் கிடைக்கக்கூடியவர் நூற்றுக்கு 56 பேர். உண்மையில் வலைக்குள் உறங்கியவர் 49 பேர். வலை கிட்டியும் உறங்காதவர் ஏழு பேர்தாம் என்று ஆகிறது. வலையே கிட்டாதவரோ 44 பேர். அந்த ஏழு பேரின் அசிரத்தையைத் திருத்துவதற்காக, அந்த 44 பேரின் எதிரே விலை என்னும் புதிய தடை ஒன்றையும் எழுப்புவோம் என்பது எந்தக் கணித சாஸ்திரத்திற்கும் பொருந்தாத யோசனை. அன்றியும் அந்த ஏழு பேரில், வெக்கை தாங்காமல் முற்றத்தில் படுப்பவரும் இருப்பர், கூரை தாழ்ந்த குடிசையில் வலையின் நான்கு மூலைகளையும் கட்ட இடமில்லாதவரும் இருப்பர். அவர்களுக்கு வேண்டியவை ஒரு சுருள் கயிறும், நாலு ஆணியும், கட்டிக் காட்ட ஓர் ஊழியரும்.

3. வலை தனிமனிதனின் உடைமை மட்டுமா? விலைவாதம் முழுவதும் நிற்கும் அஸ்திவாரம் இந்த அனுமானமே. செருப்பைப் போலவும் குடையைப் போலவும் வாங்கியவனுக்கே பயன் தரும் சரக்காக வலையைக் கருதுவதால்தான், வேண்டுகிறவன் வாங்கட்டும் என்று கூறத் தோன்றுகிறது. ஆனால் இவ்வலை செய்யும் காரியம் வேறு. இரவு முற்றியபின் வீட்டினுள் நுழையும் அனாபிலிஸ் பெண்கொசு, உறங்குகிறவனின் மூச்சையும் வாடையையும் பின்பற்றிவந்து வலையின்மேல் அமர்கிறது. கண்ணியினூடே புக முடியாமல் நூலின்மேல் நடக்கிறது. அந்த நூலில் ஏறியிருக்கும் மருந்து கால்வழியே உடம்பில் சேர்ந்து அதனைக் கொல்கிறது. 1897 இல் செகந்திராபாத்தில் ரொனால்ட் ராஸ் கொசுவின் வயிற்றில் கண்டறிந்த மலேரியாக் கிருமி, கொசுவின் உடலுக்குள் முதிர்ந்து மற்றொருவனைத் தொற்றும் நிலையை அடைவதற்குப் பத்து நாளோ அதற்கு மேலோ ஆகும். இரண்டு மூன்று நாளைக்கு ஒருமுறை இரத்தம் தேடும் கொசு, அதற்குள் பல இரவுகள் பிழைத்திருந்தாக வேண்டும். ஊரில் பெரும்பாலான வீடுகளில் இவ்வலை தொங்குமானால் அத்தனை இரவுகளையும் தாண்டிப் பிழைக்கும் கொசு அரிது. ஆகவே வலையில்லாத வீட்டுக் குழந்தையும் காக்கப்படுகிறது.

இதுவும் ஊகமன்று. மேற்குக் கென்யாவின் அசெம்போப் பகுதியில் நடந்த பெரும் பரிசோதனையில், வலை வழங்கப்பட்ட ஊர்களிலிருந்து 300 மீட்டர் தூரத்துக்குள் இருந்த வலையற்ற வீடுகளிலும் குழந்தைகளின் மரணமும் நோயும் குறைந்திருந்தன. ஏரிக்கரையை உயர்த்துவதற்கு ஊர்க் குடிகளிடம், அவரவர் நிலத்துக்கு நேரான கரையை அவரவர் விரும்பினால் வாங்கிக்கொள்ளுங்கள் என்று எவனும் சொல்லமாட்டான். வாங்க வகையற்றவன் பங்குக் கரை தாழ்ந்திருந்தால் அதன் வழியே வெள்ளம் புகுந்து வாங்கியவன் வயலையும் அழிக்கும். வலையும் அத்தகைய பொதுக் காப்பு. தன் காசில் வாங்கும் தாய் தன் குழந்தைக்குக் கிடைக்கும் நன்மையை மட்டுமே எடைபோடுவாள்; அண்டை வீட்டுக் குழந்தைக்குக் கிடைக்கும் நன்மைக்கு அவளிடம் விலை கேட்பது தகாது. அந்தப் பங்கைக் கொடுக்கக் கடமைப்பட்டது சமூகம். இப்பொது நன்மையையும் கணக்கில் சேர்த்தபோது, ஓர் உயிரைக் காக்க ஆகும் செலவில் இலவச விநியோகம் விலை விநியோகத்துக்குக் குறைந்ததன்று என்றே கோஹன், டுபா இருவரின் கணக்கும் முடிந்தது.

4. மீன் பிடிக்கிறார்களே! இலவச வலைக்கு எதிராக அதிகமாகப் பேசப்படும் ஆட்சேபம் இதுவே. புகைப்படத்தில் நன்றாகப் பதியக்கூடியதும் இதுவே. ஜாம்பியாவின் பாங்வேலு சதுப்பு நிலங்களிலும், விக்டோரியா ஏரிக்கரையின் சில செம்படவக் கிராமங்களிலும் இது நடக்கிறது என்பதை மறுப்பதற்கில்லை. நுண்ணிய கண்ணியில் மீன்குஞ்சுகள் அடியோடு வாரப்படுவதும், மருந்து நீரில் கலப்பதும் உண்மையான கேடுகள். ஆனால் கரையோரத்தில் கண்டதைக் கண்டம் முழுவதற்கும் ஏற்றிச் சொல்வது எவ்வளவு தூரம் சரி? வலை விநியோகத்துக்குப் பின் நடந்த 14 ஆய்வுகளின் விவரங்களைத் திரட்டி 2011 இல் வெளியிட்ட ஆராய்ச்சியாளர்கள், வேறு காரியங்களுக்குத் திருப்பப்பட்ட வலைகள் நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவே என்று கண்டனர்.

இதைவிட முக்கியமான ஒரு தர்க்கத்தை விலைவாதிகள் கவனிப்பதில்லை. வலைக்கு 40 ஷில்லிங் விலை வைத்தால் அதனால் தடுக்கப்படுபவன் செம்படவனா? அவனுக்கு அது லாபம் தரும் கருவி; கடையில் வாங்கும் மீன்வலையைவிட எத்தனையோ மடங்கு மலிவு; முதல் ஆளாக வந்து காசை நீட்டுபவன் அவனாகவே இருப்பான். தடுக்கப்படுபவள், அவ்வலையால் ஒரு காசும் சம்பாதிக்க வழியற்ற, குழந்தையைப் போர்த்துவதற்கு மட்டுமே அதனை வேண்டுகின்ற தாய். எந்தத் துஷ்பிரயோகத்தைத் தடுக்க விலை கொண்டுவரப்படுகிறதோ அந்தத் துஷ்பிரயோகத்தையே அது பாதுகாத்து, நல்ல உபயோகத்தை விரட்டியடிக்கிறது. ஏரிக்கரைக் கிராமங்களுக்கு உண்மையான பரிகாரம், பழைய வலையைத் திரும்பப் பெற்றுக்கொண்டு புதியது கொடுப்பதும், மீன்பிடித் தொழிலுக்கு நியாயமான உதவி செய்வதும் ஆகும்.

5. உள்ளூர்த் தொழில் அழியுமா? மோயோ அம்மையார் காட்டிய வலைக்காரன் ஓர் அனுமான புருஷன். பல ஆண்டு மருந்து நிற்குமாறு நூலிலேயே ரசாயனத்தைச் சேர்த்துச் செய்யும் வலை, பத்துப் பேர் கூடித் தையல் இயந்திரத்தில் தைத்துவிடும் பண்டமன்று. அதற்குப் பெருந்தொழிற்சாலை வேண்டும். அத்தகைய தொழிற்சாலை ஆப்பிரிக்க மண்ணில் எழுந்ததற்கும் உதாரணம் உண்டு. டான்சானியாவின் அரூஷா நகரிலுள்ள ஏ டு இசட் ஆலை, ஜப்பானின் சுமிட்டோமோ கம்பெனியிடமிருந்து தொழில் நுட்பத்தைப் பெற்று, 2003 முதல் ஆலிசெட் வலைகளைச் செய்து, ஆயிரக்கணக்கானவர்களுக்கு, அவர்களுள் பெரும்பாலோர் பெண்களுக்கு, வேலை கொடுத்தது. அதன் சரக்கை வாங்கிய பெரிய வாடிக்கைக்காரர்கள் யார்? இலவச விநியோகத்திற்காகக் கோடிக்கணக்கில் கொள்முதல் செய்த அரசாங்கங்களும் ஸ்தாபனங்களுமே. இலவசக் கொடை தொழிலை அழிக்கவில்லை. தொழிலுக்கு நிச்சயமான கிராக்கியைக் கொடுத்தது.

ஒருமுறை இலவசமாகப் பெற்றவன் மறுமுறை விலைக்கு வாங்கவே மாட்டான் என்னும் அச்சமும் இதனோடு சேர்த்துப் பேசப்படுகிறது. டுபா அம்மையார் கென்யாவில் இதனையும் சோதித்தார். முதல் ஆண்டில் இலவசமாகவோ மிகுந்த சலுகையிலோ வலை பெற்ற குடும்பங்கள், அடுத்த ஆண்டு விலைக்கு வந்தபோது மற்றவர்களைவிட அதிகமாகவே வாங்க முன்வந்தன. பண்டத்தின் அருமையை அவர்களுக்குக் கற்பித்தது அதனுடைய விலைச்சீட்டன்று. அதனுள் உறங்கிய அனுபவம்.

6. எத்தனை காலம் கொடுப்பது? நிலைத்து நிற்கும் திட்டம் வேண்டும், நன்கொடை என்றும் வராது என்கின்றனர். நன்கொடை நிற்கக்கூடும் என்பது மெய்யே. ஆனால் அதிலிருந்து பிறக்கும் முடிவு, சொந்த அரசாங்கம் தன் வரவு செலவுத் திட்டத்தில் இதற்கு நிரந்தர இடம் ஒதுக்க வேண்டும் என்பதேயன்றி, சுமையை எல்லோரிலும் ஏழையான கிராமத்துப் பெண்ணின் தலையில் ஏற்ற வேண்டும் என்பதன்று. ஒரு வலை இருவரை மூன்று ஆண்டு காக்கிறது. வலையின் கிரயத்தோடு ஏற்றிறக்கு, விநியோகச் செலவு அனைத்தையும் சேர்த்தாலும் தலைக்கு ஆண்டொன்றுக்கு ஒரு டாலருக்குள் அடங்கிவிடும். தடுப்பூசி போடுவதற்குக் காசு கேளாத அரசாங்கம், இதற்குக் கேட்பது என்ன நியாயம்?

செலவை நிறுத்துவது சிக்கனமும் ஆகாது என்பதற்கு இலங்கையின் சரித்திரமே சாட்சி. 1934, 35 ஆம் ஆண்டுகளின் கொள்ளைக் காய்ச்சலில் ஏறக்குறைய 80,000 உயிர்களைப் பறிகொடுத்த அத்தீவு, வீடு வீடாக மருந்து தெளித்து 1963 இல் மலேரியா நோயாளிகளை 17 பேராகக் குறைத்தது. வேலை முடிந்ததென்று தெளிப்பு நிறுத்தப்பட்டது. 1969 இல் நோயாளிகள் ஐந்து லட்சத்துக்கும் மேல். பின்னர் பல பத்தாண்டுகள் விடாது உழைத்தே, 2016 இல் மலேரியா அற்ற நாடு என்னும் அங்கீகாரத்தை அது பெற்றது. அந்த உழைப்பு முழுவதும் பொதுப்பணத்தில் நடந்த பொதுச்சேவை; ஒவ்வொரு குடும்பமும் தன் பங்கை வாங்கிக்கொள்ளட்டும் என்று விட்டிருந்தால் அந்த நாள் வந்திராது.

ஆட்சேபங்கள் நிற்க, விளைவுகளை நோக்குவோம். கென்யாவின் நான்கு மாவட்டங்களில் நடந்த ஆய்வு, ஒரே நாட்டில் அடுத்தடுத்து வந்த மூன்று முறைகளையும் அளந்து காட்டியது. கடைகளில் விற்ற காலத்தில், 2004 இல், மருந்து வலைக்குள் உறங்கிய சிறு குழந்தைகள் நூற்றுக்கு 7 பேர். சிகிச்சை நிலையங்களில் மிகுந்த சலுகை விலைக்கு விற்றபின், 2005 இல், 24 பேர். 2006 இல் முப்பது லட்சத்துக்கும் மேற்பட்ட வலைகள் இலவசமாக வழங்கப்பட்டபின், 67 பேர். அதுவரை வசதியுள்ள வீட்டுக்கும் பரம ஏழை வீட்டுக்கும் இடையே இருந்த பெரும் ஏற்றத்தாழ்வும் அவ்வோராண்டில் ஏறக்குறைய மறைந்துவிட்டது. வலைக்குள் உறங்கிய குழந்தைகளிடையே மரணம் 44 விழுக்காடு குறைவாக இருந்தது என்று அதே பகுதிகளில் நடந்த மற்றோர் ஆய்வு கண்டது. இஃபகாராவின் வெற்றியையும் இந்த வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தல் வேண்டும்: அங்கே உயிரைக் காத்தது வலை, விலையன்று. டான்சானியா தேசமே 2009 முதல் பெருமளவில் இலவச விநியோகத்தையும் மேற்கொண்டது.

நம் நாட்டு ஒடிசாவும் இதே பாடத்தைப் புகட்டுகிறது. அங்கே ஆராய்ச்சியாளர் சிலர் கிராமத்தாருக்குச் சிறு கடன் கொடுத்து மருந்து வலை வாங்கச் செய்து பார்த்தனர்; 52 விழுக்காடு குடும்பங்கள் வாங்கின. கையில் ரொக்கமில்லாமையே பெரிய தடை என்பதற்கு இது சான்று என்று கூறப்படுவதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மீதி 48 விழுக்காடு குடும்பங்களின் குழந்தைகள் யார் பொறுப்பு? கொசுக்கடியிலிருந்து தப்புவதற்கும் ஆதிவாசிக் குடும்பம் கடன்பட வேண்டுமா? 2017 இல் அம்மாநில அரசாங்கம் ஒரு கோடிக்கும் மேற்பட்ட வலைகளை இலவசமாக வழங்கியது. கோராபுட், மல்கான்கிரி போன்ற மலை மாவட்டங்களின் சாலையற்ற ஊர்களுக்கும் ஆஷா என்னும் கிராமச் சுகாதார ஊழியர்கள் அவற்றைக் கொண்டு சேர்த்தனர். கூடவே முகாம்கள் நடத்தி இரத்தப் பரிசோதனையும் சிகிச்சையும் செய்தனர். 2016 இல் நான்கு லட்சத்து நாற்பதாயிரத்துக்கு மேலிருந்த நோயாளிகள் 2018 இல் 66,000 அளவுக்கு இறங்கினர். பரிசோதனைக்கும் சிகிச்சைக்கும் இதில் பங்குண்டு. ஆனால் அவையும் இலவசமாகவே நடந்தன என்பதை மறக்கலாகாது.

இலவசமாக ஒருமுறை கொட்டிவிட்டுப் போனால் போதும் என்று நான் வாதிக்கவில்லை. மூன்றாம் ஆண்டில் கிழியும் வலைக்கு நான்காம் ஆண்டில் மாற்று வராவிட்டால் திட்டம் பாழ். பழைய மருந்துக்குக் கொசுக்கள் பழகிப்போன பகுதிகளில், உலக சுகாதார ஸ்தாபனம் 2023 இல் பரிந்துரைத்த, இரண்டாவது மருந்தொன்றும் சேர்ந்த புதிய வலைகளே வேண்டும். அவற்றின் கிரயம் அதிகமாதலால் அவற்றை ஏழையின் காசுக்கு விடுவது இன்னும் பெரிய கொடுமையாகும். இருவருக்கு ஒரு வலை வீதம் ஒவ்வொரு வீட்டுக்கும் எண்ணிக் கொடுப்பதும், கர்ப்பிணிகளுக்கும் தடுப்பூசிக்கு வரும் சிசுக்களுக்கும் இடைவிடாமல் வழங்குவதும், கட்டும் வகையை வீட்டுக்கு வந்து காட்டுவதும், கிழிந்ததை மாற்றுவதும் ஆகிய நான்கும் சேர்ந்ததே இலவச விநியோகம்.

2023 ஆம் ஆண்டில் மலேரியாவினால் மாண்டவர் 5,97,000 பேர். அவர்களுள் பெரும்பாலோர் ஆப்பிரிக்காவின் ஐந்து வயது நிரம்பாத குழந்தைகள். இந்த எண்ணிக்கையின் முன்னே நின்றுகொண்டு, நிரூபிக்க வேண்டிய பொறுப்பு இலவச வலையை ஆதரிப்பவர்களுக்கே உரியது என்று இனியும் எவரும் சொல்ல இடமில்லை. விலை வைத்து விற்று, ஒரு நாட்டின் பரம ஏழைக் கிராமங்களையும் வசதியுள்ள கிராமங்களுக்குச் சமமாக இரண்டு ஆண்டுகளுக்குள் வலைக்குள் கொண்டுவந்த உதாரணம் ஒன்றையேனும் விலைவாதிகள் காட்டட்டும். அதுவரையில் வலைகள் ஊர்களுக்கு இலவசமாகவே போகட்டும்.